சீனக்குடா ஆலையும் தம்பலகாமத்து வயலும்: கோதுமையின் மலிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலைத் துறைமுகம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கடற்படைத் தளம், எண்ணெய்க் குதங்கள் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. அத்துறைமுகத்தின் வழியே இந்நாட்டு மக்களின் உணவு மாற்றமுற்ற வரலாறு போதிய கவனம் பெறவில்லை. 1977இல் சிங்கப்பூரின் பிறிமா நிறுவனத்துடன் அரசு உடன்படிக்கை செய்தது. 1980இல் சீனக்குடாவில் மாவாலை இயங்கத் தொடங்கிற்று. அரசு இறக்குமதி செய்த கோதுமையை நிறுவனம் அக்காலத்தில் அரைத்து மாவை ஒப்படைத்தது. தவிட்டைக் கூலியாகக் கொண்டது. கோதுமை விளையாத நாட்டில் இவ்வாலை நிலைபெற்றமைக்குக் கோதுமையின் மலிவே காரணம் என்பர். அம்மலிவு எவ்வாறு தோன்றிற்று என்பதே ஈண்டு நாம் எழுப்பும் வினா.

வட அமெரிக்கப் புல்வெளிகளின் கருமண், பல்லாயிரம் ஆண்டுகளாகப் புல்வேர்கள் மக்கிச் சேர்ந்த செல்வமாகும். கனடாவில் 1871 முதல் 1877 வரை செய்யப்பட்ட ஒப்பந்தங்களின் வழியே அந்நிலம் ஆதிக்குடிகளின் கையினின்றும் அகன்றது. 1872ஆம் ஆண்டுச் சட்டம் குடியேறியோருக்குப் பெயரளவுக் கட்டணத்தில் 160 ஏக்கர் வழங்கிற்று. எனவே கோதுமையின் விலையில் நிலத்தின் விலை ஏறவில்லை. பறிகொடுத்தோர் அதனைச் செலுத்தியிருந்தனர்.

விதையின் வரலாறும் இத்தகையதே. அங்கே கோடை குறுகியது. தாமதமாக முற்றும் கதிரை உறைபனி அழித்துவிடும். இந்தியாவிலிருந்து சென்ற ‘ஹார்ட் ரெட் கல்கத்தா’ என்னும் கோதுமையையும் ‘ரெட் ஃபைஃப்’ வகையையும் கலந்து பெற்ற ‘மார்க்விஸ்’ என்னும் விதையைச் சார்ள்ஸ் சோண்டர்ஸ் அரச ஆய்வுப் பண்ணையில் தெரிந்தெடுத்தார். விரைந்து முற்றும் அவ்விதை 1909 அளவில் உழவரை அடைந்து, சில ஆண்டுகளிலேயே புல்வெளி எங்கும் பரவிற்று. நமது துணைக்கண்டத்து உழவர் பேணிய விதையின் பண்பு, பொதுப்பணத்தில் நடைபெற்ற விஞ்ஞானத்தின் வழியே உலகச் சந்தையின் பலமாயிற்று.

ஆயினும் மண் கணக்குத் தீர்க்கத் தவறவில்லை. ஆண்டுக்காண்டு உழுது, ஈரத்தைச் சேமிக்கத் தரிசாக விட்ட வெற்று நிலத்தை 1930களின் வறட்சியும் காற்றும் புழுதியாக்கின. 1935இல் கனடிய அரசு மண்மீட்புக்கெனத் தனி அமைப்பு நிறுவ நேர்ந்தது. முதலாளித்துவ வேளாண்மையின் முன்னேற்றம் உழைப்பாளியோடு மண்ணையும் சூறையாடுகின்றது என மார்க்ஸ் கண்டதற்கு இதனினும் தெளிந்த சான்று அரிது.

போருக்குப் பின் மிகை விளைச்சல் அரசியற் கருவியாயிற்று. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடிய மாவும், 1954ஆம் ஆண்டின் பொதுச்சட்டம் 480இன் கீழ் அமெரிக்கக் கோதுமையும் இலங்கையை அடைந்தன. பாண் ஏழையின் உணவாயிற்று.

இனி, குடாவுக்கு அப்பாலுள்ள தம்பலகாமம், கந்தளாய் வயல்களை நோக்குவோம். பத்தலகொடை ஆய்வு நிலையத்தின் எச்-4 நெல் 1958இல் வெளிவந்தது. அதே ஆண்டில் பிலிப் குணவர்த்தனவின் நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்பளிக்க முயன்றது. விதை வயலை அடைந்தது. சட்டமோ நிலவுடைமையாளரின் எதிர்ப்பாலும் குத்தகையாளர் வெளியேற்றங்களாலும் வலுவிழந்தது. எழுபதுகளில் வந்த குட்டை நெல்வகைகள் விளைச்சலை மேலும் உயர்த்தின. கூடவே இறக்குமதிப் பசளையில் தங்கியிருக்கும் நிலையையும் வளர்த்தன. 1983இன் பின்னர் நீடித்த போர் இம்மாவட்டத்து உழவர் பலரை வயலினின்றே பெயர்த்தது.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது நெல் விளைச்சல் வீழ்ந்தது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது பாண் விலை இரட்டிப்புக்கும் மேலாக உயர்ந்தது. வயலும் ஆலையும் ஒரே கயிற்றில் கட்டுண்டிருந்தமை அப்பொழுது வெளிப்பட்டது.

இதனாற் பழைய நெல்லுக்கு மீளுவதே தீர்வு என நாம் கொள்வதற்கில்லை. மார்க்விஸும் எச்-4உம் மனித உழைப்பின் அரிய பேறுகள். தம்பலகாமத்து விவசாயி புல்வெளிக் கோதுமையோடு போட்டியிட இயலாமைக்குக் காரணம் அவனது பின்தங்கிய அறிவன்று. ஒருபுறம் விலையின்றிப் பெற்ற நிலமும் அரச ஆதரவும், மறுபுறம் உறுதியற்ற குத்தகையும் கடனும் நின்றமையே. நல்ல விதை யாவர்க்கும் பயன்தர வேண்டுமாயின், நிலமும் நீரும் விலையும் யார் கையில் என்னும் வினா முதலில் தீர்க்கப்படல் வேண்டும்.