விளிம்பில் ஒரு பெயர்

மாமல்லபுரத்துத் தருமராச ரதத்தில் பல்லவ வேந்தரின் விருதுப்பெயர்கள் வரிசையாய்ப் பொறிக்கப்பட்டுள்ளன. களத்தில் மாண்ட மறவனின் பெயரைக் காண நாம் செங்கம் நடுகற்களுக்குத்தான் செல்லவேண்டும்.

முதல் உலகப்போருக்குப் பின் சென்னை மாகாணச் சிற்றூர்கள் பலவற்றில் பதிக்கப்பட்ட ஆங்கிலேயர் காலக் கல்வெட்டுகளோ, இவ்வூரிலிருந்து சென்றோர் இத்தனை, மாண்டோர் இத்தனை என்று எண்ணிக்கையோடு நின்றுவிடுகின்றன.

பெயரைக் காத்தது பதக்கம். 1914-18 போருக்கான பிரித்தானியப் போர்ப் பதக்கத்தின் விளிம்பில், பெற்றவரின் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் உண்டு. படைவீரர்க்கு வெள்ளி, இந்தியக் கூலிப்படையினர்க்கு வெண்கலம். வெள்ளியில் ஏறத்தாழ 65 லட்சம், வெண்கலத்தில் 1,10,000. அன்று தாழ்வெனத் தரப்பட்ட வெண்கலத்தையே இன்று சேகரிப்போர் அரிதென நாடுகின்றனர்.

வெள்ளிக்கு உலைக்களம் காத்திருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கம் பழம்பெட்டி எதிலேனும் அத்தகைய பதக்கம் கிடைப்பின், எடை போடுமுன் விளிம்பைப் படிப்போம். உருகுவது ஒருவேளை அம்மனிதரின் ஒரே கல்வெட்டாக இருக்கலாம்.