இருளர் காத்த கலை



சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்தொடர்வண்டி பல்லாவரத்தைக் கடக்கும்பொழுது, அவ்வூரின் பழம்பெருமையை நினைப்பவர் ஒரு சிலரே. 1863ஆம் ஆண்டு மே மாதத்தில், நிலவியல் ஆய்வாளரான இராபர்ட் புரூஸ் பூட் என்பவர் அங்கே ஒரு சரளைக்குழியில் மனிதன் கையால் செதுக்கிய கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்நாட்டில் பழைய கற்கால மக்கள் வாழ்ந்தனர் என்னும் உண்மை அந்தச் சிறு கல்லினால் உலகுக்கு விளங்கிற்று. அவர் பல்லாண்டு உழைத்துத் திரட்டிய தொல்பொருள் தொகுதி 1904இல் சென்னை அருங்காட்சியகத்தை வந்தடைந்தது. இன்றும் அங்கே போற்றிக் காக்கப்படுகிறது.

மறைந்துபோன மனிதனின் கருவியை இவ்வளவு பரிவோடு காக்கும் நாம், அதே வட்டாரத்தில் நம்மோடு வாழும் பழங்குடி மக்களின் அறிவை எவ்வாறு காத்தோம்? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் பழங்குடியினர் இருளர் ஆவர். வண்டலூர்க் குன்றுகளும், சேலையூரை அடுத்த புதர்க்காடுகளும், ஏரிக்கரைகளும், நெல்வயல்களும் அவர்கள் நடமாடிய நிலம். தேன் எடுத்தல், கிழங்கு அகழ்தல், மூலிகை பறித்தல், ஈசல் பிடித்தல் ஆகியவை அவர்களுடைய தொழில்கள். அறுவடை முடிந்த வயலில் எலிவளையைக் கண்டுபிடித்து, அடியில் துளையிட்ட மண்பானையில் வைக்கோலைப் புகையவிட்டு, அப்புகையை வளைக்குள் ஊதுவார்கள். எலியும் கிடைக்கும், எலி சேர்த்து வைத்த நெல்லும் கிடைக்கும். உழவனுக்குப் பகை ஒழியும். இருளனுக்கு உலை கொதிக்கும்.

பாம்பைப் பற்றிய அறிவோ தனிச்சிறப்புடையது. மணலில் படிந்த தடம், கழற்றிய சட்டை, உலர்ந்த எச்சம் ஆகியவற்றைப் பார்த்தே, சென்றது நல்ல பாம்பா, கண்ணாடி விரியனா என்று தேர்ந்த இருளர் சொல்லிவிடுவர். ஏட்டில் எழுதாத இக்கல்வியைத் தந்தையின் பின்னால் நடந்தே மகன் கற்றான்.

இவ்வாழ்வு ஒரே நாளில் குலைந்துவிடவில்லை. 1882ஆம் ஆண்டின் சென்னைக் காடுகள் சட்டம், காட்டின்மேல் இருந்த பழைய உரிமைகளைச் சுருக்கியது. 1931இல் தாம்பரம்வரை மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரத்தை விட்டுத் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. பின்னர் ஆலைகளும் குடியிருப்புகளும் பெருகின. ஏரிகள் பல மனைகளாயின. 2021இல் தாம்பரம் மாநகராட்சியே ஆயிற்று. நகரம் வளர்ந்தது நமக்கு நன்மை. ஆனால் பட்டா இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நடந்த வழிகளை எவரும் கணக்கில் எழுதவில்லை.

பாம்புத்தோல் வாணிகம் இருளரின் பிழைப்பாக இருந்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 1976இல் தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. அச்சட்டம் தேவையானதே, தோலுக்காகப் பாம்புகள் கணக்கின்றிக் கொல்லப்பட்டு வந்தன. ஆயினும், நேற்றுவரை தொழிலாக இருந்தது இன்று குற்றமாயிற்று. குடும்பங்கள் பல பசியால் வாடின. முன்பணம் பெற்று அரிசி ஆலைகளில் அடிமைபோல் கட்டுண்டு கிடந்த இருளர் பலர். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டமும் அதே 1976இல்தான் வந்தது. எனினும் அதற்குப் பல்லாண்டுகள் கழித்தும் மீட்கப்பட்டவர்களுள் இருளர் மிகுதி.

இந்நிலையில் ஒரு நல்வழி திறந்தது. ரோமுலஸ் விட்டேக்கர் என்னும் பாம்பியல் அறிஞர், தாம்பரத்தை அடுத்த சேலையூரில் ஒரு சிறு பாம்புப் பண்ணை நடத்தி, 1972இல் அதனைக் கிண்டிக்கு மாற்றியவர். இருளரின் திறமையை நேரில் அறிந்தவர். அவருடைய துணையோடு 1978இல், மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. வனத்துறையின் அனுமதியோடு நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, வாயில் துணி கட்டிய மண்பானைகளில் சில வாரம் வைத்திருந்து, நஞ்சை எடுத்தபின் மீண்டும் காட்டில் விடுவது அங்குள்ள முறை. உலர்த்திய நஞ்சு மருந்து செய்வோருக்குச் செல்கிறது. அவர்கள் அதனைச் சிறு சிறு அளவில் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து நஞ்சுமுறி மருந்தாக்குகின்றனர்.

2000 முதல் 2019 வரை நம் நாட்டில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. அம்மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி பல்லாண்டுகளாக இச்சங்கத்திலிருந்தே சென்றுவந்தது. கொல்லப் பயன்பட்ட கலை உயிர் காக்கும் கலையாயிற்று. கலை மாறவில்லை, அதன் பயன் மாறிற்று.

1986இல் செங்கற்பட்டை அடுத்த தண்டரையில் தோன்றிய இருளர் பழங்குடி மகளிர் நலச் சங்கம், மூலிகை அறிவை இவ்வாறே காத்து வருகிறது. 2017இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இரு இருளர் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டனர். அங்கே பெருகிவிட்ட அயல்நாட்டு மலைப்பாம்புகளை, தமக்குப் பழக்கமில்லாத சதுப்புநிலத்திலும் தேடிப் பிடித்தனர். 2023இல் அவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

விருது வந்ததனால் குறை தீர்ந்துவிட்டதாகக் கருதலாகாது. சாதிச் சான்றிதழுக்காக அலுவலகப் படிகளில் ஏறி இறங்கும் பெற்றோரும், மனைப்பட்டா இல்லாத குடும்பங்களும் இன்றும் உண்டு. வகுப்பில் தந்தையின் தொழிலைக் கேட்டால், “கூலி” என்று மெல்லச் சொல்லித் தலைகுனியும் இருளர் பிள்ளைகளை என் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன். பாம்பின் தடத்தைப் படிக்கத் தெரிந்த தந்தை, ஏட்டைப் படிக்கத் தெரியாதவர் என்பதற்காக வெட்கப்பட வேண்டியவரா?

அப்படியானால் இருளர் பிள்ளைகள் என்றென்றும் பாம்பு பிடித்துக்கொண்டே இருக்கவேண்டுமா என்று சிலர் கேட்கலாம். வேண்டியதில்லை. அவர்கள் மருத்துவராகலாம், ஆட்சியாளராகலாம். நம் வியப்புக்காக ஒரு மக்களை வறுமையில் நிறுத்தி வைப்பது பண்பாட்டுக் காப்பு ஆகாது. ஆனால் முன்னோரின் அறிவை விட்டுவிடுவதா, தொடர்வதா என்பதை அவர்களே முடிவு செய்யவேண்டும். பசியும் இழிசொல்லும் முடிவு செய்யக்கூடாது.

மாசி மகத்தன்று மாமல்லபுரக் கடற்கரையில் பல ஊர் இருளரும் கூடுகின்றனர். மணலில் சேலைகளால் சிறு கூடாரம் அமைத்துத் தங்கிக் கன்னியம்மனை வழிபடுகின்றனர், திருமணங்களும் நிகழ்கின்றன. சிதறிய மக்கள் தம்மை ஓரினமாக உணரும் நாள் அது.

கற்கோடரியைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் பூட்டினால் போதும். ஆயிரம் ஆண்டு கழிந்தாலும் அப்படியே இருக்கும். உயிருள்ள அறிவுக்குப் பேழை இல்லை. அதற்கு நடக்க நிலமும், பிழைக்க ஊதியமும், கற்றுக்கொள்ள ஒரு பிள்ளையும் வேண்டும். இம்மூன்றையும் உறுதி செய்யும் கடமை அரசாங்கத்துக்கு உண்டு. அவர்கள் நடந்த நிலத்தில் வீடு கட்டி வாழும் நமக்கும் உண்டு.