மாமா வீட்டுக் குதிரைப் படமும் 6 கோடி ரூபாய் போர்க்களமும்

போன மாதம் மைசூர் மைன்ஸிலிருந்து மாமா ஃபோன் பண்ணினார். "மாப்ளே, நம்ம வூட்டுக் குதிரைப் படம் எவ்ளோ போவும்னு கொஞ்சம் பாரேன்." 1956-ல் மைசூர் அரசு மைன்ஸை எடுத்துக்கொண்ட சமயம், ஒரு துரை பங்களா சாமான்களை ஏலம் விட்டபோது தாத்தா வாங்கிய படம் அது. வெள்ளைக் குதிரை மேல் ஒரு அதிகாரி, பின்னால் புகை, சிப்பாய்கள். யாரோ வாட்ஸப்பில் அனுப்பிய திப்பு படச் செய்தியைப் பார்த்ததிலிருந்து மாமாவுக்குத் தூக்கமில்லை. பேத்தி நர்சிங் ஃபீஸ் கட்டவேண்டும். பெங்களூரில் ஒருவர், "25 ஆயிரம் கட்டுங்க, மதிப்பீடு பண்ணி லண்டனுக்கே அனுப்பிடலாம்" என்றாராம். காசு கட்டாதீங்க, ஒரு வாரம் பொறுங்க என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் அந்தச் செய்திப் படம். 1780 செப்டம்பர் 10, காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூர். கர்னல் பெய்லி ஏறக்குறைய 3,800 பேரோடு போய்க்கொண்டிருந்தார். ஹெக்டர் மன்றோவின் பெரிய படை காஞ்சிபுரத்தில், கூப்பிடு தூரத்தில் இருந்தும் நேரத்துக்கு வந்து சேரவில்லை. ஹைதர் அலியும் திப்புவும் பெய்லியைச் சுற்றி வளைத்தார்கள். மைசூர்க்காரர்களின் ராக்கெட்டுகள் பறந்தன, கம்பெனியின் வெடிமருந்து வண்டி வெடித்தது, பெய்லி கைதி. மன்றோ பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு மதராஸ் பக்கம் திரும்பினார். பெய்லி 1782-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே செத்துப்போனார்.

இந்த வெற்றியைத்தான் 1784-ல் கட்டிய தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் திப்பு வரையவைத்தார். நடுவில் சிவப்புக் கோட்டுக்காரர்கள் சதுரமாக அடைபட்டு நிற்க, பல்லக்கில் பெய்லி, இரண்டு பக்கமும் மைசூர்க் குதிரைப்படை.

ஆனால் அந்தச் சுவர் பட்ட பாடு பெரிய கதை. 1799 முற்றுகைக்கு முன்பே ஓவியம் அழிக்கப்பட்டிருந்தது. திப்பு இறந்த பிறகு அங்கே குடியிருந்த ஆர்தர் வெல்லெஸ்லி அதைச் சரி பண்ணவைத்தார். (இவர்தான் பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை ஜெயித்த வெலிங்டன்.) மறுபடி வெள்ளையடித்து மங்கிப்போக, 1850-களில் டல்ஹௌசி பிரபு உத்தரவில் உள்ளூர் ஓவியர் ஒருவர் திரும்ப வரைந்தார். ஆக, இன்று டிக்கெட் வாங்கிப் பார்க்கிற வண்ணத்தில் பெரும்பகுதி திப்பு காலத்தது இல்லை.

ஏலத்துக்கு வந்தது இதே காட்சியின் காகித வடிவம். 24 தாள்கள், 10 மீட்டர் நீளம். மதராஸ் பீரங்கிப்படை அதிகாரி ஃப்ரீஸ் என்பவரிடம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வந்து சேர்ந்து, தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் இருந்தது. டல்ஹௌசிக்கு முன் அந்தச் சுவர் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு இது ஒரு சாட்சி. எங்கள் பாஷையில் சொன்னால் மூலப் பத்திரம் இருக்கிறது, வில்லங்கம் இல்லை. வீட்டுக் கடனுக்கு வருகிறவரிடம் நாங்கள் முதலில் கேட்பதும் இதைத்தானே? சுவர் அழகாக இருக்கிறதா என்று யார் கேட்கிறார்கள்!

சோத்பீஸில் 2010-ல் அது 7,69,250 பவுண்டுக்குப் போனது. 2022 மார்ச்சில் மறுபடி வந்தபோது 6,30,000 பவுண்டுதான். 12 வருஷம் வைத்திருந்தவருக்கு நஷ்டம். வேடிக்கை என்னவென்றால், அந்தந்த வருஷ மாற்று விகிதத்தில் ரூபாய்க் கணக்குப் போட்டால் ஐந்தரைக் கோடிக்குக் கொஞ்சம் கீழே இருந்தது ஆறு கோடியைத் தாண்டியிருக்கும். மாமாவுக்கு வந்த வாட்ஸப்பில் ரூபாய்க் கணக்கு மட்டும்தான் இருந்தது.

இப்போது நம்ம வூட்டுப் படம். வாட்ச் ரிப்பேர் கடை லென்ஸை வாங்கி, குதிரையின் கழுத்துப் பக்கம் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். ஓவியம் என்றால் தூரிகைத் தடம் தெரியும். பழைய செப்புத்தகட்டு அச்சு என்றால் செதுக்கிய கோடுகள் தெரியும், ஓரத்தில் தகடு அழுத்திய பள்ளம் இருக்கும், கீழே இடப்பக்கம் ஓவியர் பெயரும் வலப்பக்கம் செதுக்கியவர் பெயரும் இருப்பது வழக்கம். மாமா பார்த்துவிட்டு, "பேப்பர்ல வர்ற ஃபோட்டோ மாதிரி வரிசையா புள்ளி புள்ளியா இருக்குதுப்பா" என்றார். அதாவது இயந்திர அச்சு. துரைமார் பங்களாக்களில் சட்டம் போட்டு மாட்டுகிற ரகம். ஏலத்தில் எடுத்ததற்கு ஒரு ரசீதுகூட இல்லை. பழைய தேக்குச் சட்டத்துக்கு வேண்டுமானால் ஏதாவது கிடைக்கும். 25 ஆயிரம் மிச்சம், ஃபீஸ் விஷயத்தை நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, கண்ணாடிய தொடச்சி திருப்பி மாட்டிர்றேன்" என்றார்.

இதையெல்லாம் தேடும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. ஹைதர் அலி பிறந்த பூதிக்கோட்டை, நம்ம ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரம்தான். அவர் அப்பாவின் சமாதி கோலாரில். திப்பு விழுந்த பிறகு மைசூரின் கிழக்கு எல்லையை அளக்க வந்த லெஃப்டினன்ட் வாரன்தான், 1802-ல் மாரிகுப்பம் பக்கம் ஜனங்கள் மண்ணை அலசித் தங்கம் எடுப்பதைப் பார்த்து எழுதிவைத்தார். அதைப் படித்துவிட்டுத்தான் லாவெல் 1873-ல் தோண்ட உரிமை வாங்கினார். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வட ஆற்காட்டிலிருந்து நம் தாத்தாக்கள் மூட்டை கட்டிக்கொண்டு வந்தது அதன் பிறகு. ஃப்ரீஸ் கைக்குப் படத்தைக் கொடுத்த அதே போர்தான் நம்மை மைசூர் மைன்ஸ் லைன் வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

புள்ளலூரில் இரண்டு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. 1781-ல் அங்கே நடந்த இரண்டாம் சண்டையில் செத்த இரண்டு வெள்ளை அதிகாரிகளுக்கு. பெய்லியோடு போன மதராஸ் சிப்பாய்களுக்கு, அதில் நம்ம பக்கத்து ஆட்களும் இருந்திருப்பார்கள், அந்தத் தூண்களில் இடமில்லை. தரியா தௌலத் சுவரில் மட்டும் வரிசையாக நிற்கிறார்கள். லீவில் மைசூர் போகிறவர்கள் பெய்லியின் பல்லக்கைச் சுற்றி நிற்கிற அவர்கள் முகத்தையும் கொஞ்சம் நின்று பாருங்கள்.