முடுக்கத் தெரிந்த ஊர்

1983-ஆம் ஆண்டில் மூன்று காரியங்கள் நடந்தன. ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் ஏஇ86 என்ற குறியீட்டில் பின்சக்கரம் உந்தும் சிறிய கார் ஒன்றை விற்பனைக்கு விட்டது. மலைப்பாதை வளைவுகளில் வண்டியைச் சறுக்கவிட்டே ஓட்டும் இளைஞர்கள் அதைக் கொண்டாடித் தீர்த்தார்கள். டோக்கியோவில், மாற்றியமைத்த கார்களுக்கென்றே 'எக்சைட்டிங் கார் ஷோ' என்ற கண்காட்சி தொடங்கியது. இன்று உலகமறிந்த டோக்கியோ ஆட்டோ சலோன் அதன் தொடர்ச்சிதான். டிசம்பர் 14 அன்று இந்தியாவில் முதல் மாருதி 800 காரின் சாவியை இந்திரா காந்தி அதன் சொந்தக்காரரிடம் கொடுத்தார். ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களை ஆல்டர் செய்து ஓட்டும் கலையின் வரலாற்றில் முதல் இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் தவறாமல் இடமுண்டு. மூன்றாவதை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கோயம்புத்தூரில் நின்று பார்த்தால் மூன்றாவதுதான் முக்கியமானது.

சேர்க்காததற்குக் காரணம் வெளிப்படை. மூன்று சிலிண்டர், 796 சிசி, நாற்பது குதிரைத்திறனைக்கூட எட்டாத இன்ஜின். நால்வர் நெருக்கி உட்கார்ந்து ஊட்டிக்குப் போகும் குடும்ப வண்டி. அதை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சிரிப்பார்கள். ஆனால் மெய்யான ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்கள் அன்று இந்தியாவுக்குள் எளிதில் வர வழியில்லை. கார் இறக்குமதிக்கு இருந்த உரிமக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரலில்தான் நீங்கின. அதன் பிறகும் வரி கைக்கெட்டாத உயரத்தில் நின்றது. தவிரவும், சிறிய கார் என்பதாலேயே அது பந்தயத்துக்கு உதவாது என்று சுசுகி நிறுவனமே நினைக்கவில்லை. 1986-இல் உருமாறி வந்த மாருதி 800-க்கும் ஜப்பானின் ஆல்டோவுக்கும் உடம்பு ஒன்று. அதே ஆல்டோவில் டர்போ பூட்டி, 64 குதிரைத்திறன் தரும் 'ஆல்டோ வொர்க்ஸ்' என்ற குட்டி ராட்சசனை 1987-இல் சுசுகி வெளியிட்டது. அந்த ரகக் கார்களுக்கு அதற்குமேல் திறன் வேண்டாம் என்று ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் வரம்பு கட்டிக்கொள்ளும் அளவுக்கு அது ஓடியது. அடுத்த ஆண்டே கோயம்புத்தூர், மாருதி இன்ஜினை வைத்துத் தன் விடையை எழுதியது. இரண்டு விடைகளும் ஒன்றல்ல. ஜப்பான் அந்தச் சிறிய காருக்கு வேகத்தைக் கொடுத்தது. கொங்கு நாடு அதற்கு ஒரு விதியைக் கொடுத்தது. அந்த விதி வேகத்தைவிடப் பெரிய கண்டுபிடிப்பு என்பதே இங்கே வைக்கும் வாதம்.

விதி எங்கிருந்து வந்தது என்று தேடினால் பந்தயத் திடலில் கிடைக்காது, பட்டறையில்தான் கிடைக்கும். கொங்கு மண் மழையை நம்பிப் பிழைத்த மண்ணல்ல, கிணற்றை நம்பிப் பிழைத்தது. மாடு கட்டிக் கவலை இறைத்த கிணற்றுக்கு ஆயில் இன்ஜின் வந்தது. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் மோட்டார் பம்பு வந்தது. அதே மின்சாரத்தில் பஞ்சாலைகள் பெருகின. ஆலைக்கு உதிரிபாகம் வேண்டும். கப்பலில் வரும் வரை தறியும் கதிரும் காத்திருக்க முடியாது. உடைந்த பாகத்தைப் பார்த்து மரத்தில் பேட்டர்ன் செதுக்கி, மண்ணில் அச்செடுத்து, இரும்பை வார்த்து, லேத்தில் கடைந்து கொடுக்கும் ஒரு வர்க்கமே இப்படி உருவானது. 1920-இல் ஒற்றைப் பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டிய ஜி.டி. நாயுடு, 1937-இல் டி. பாலசுந்தரத்துடன் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்ததும் இந்தச் சூழலில்தான். இருவர் உட்காரும் மலிவான கார் ஒன்றையும் நாயுடு 1952-இல் செய்து பார்த்தார்; உரிமம் கிடைக்காததால் அது சாலைக்கு வரவில்லை. இயந்திரம் என்பது வாங்கும் பொருள் மட்டுமல்ல, பிரித்துப் பார்த்துத் திரும்பச் செய்யவும் கூடியது என்ற துணிச்சல் அதற்குள் ஊரில் ஊறிவிட்டது.

வண்டி விஷயத்தில் இந்தத் துணிச்சல் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். கரூரில் பஸ் பாடி கட்டுகிறார்கள், நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறார்கள், திருச்செங்கோட்டில் லாரியின் முதுகில் போர்வெல் ரிக்கை ஏற்றி நாடெங்கும் அனுப்புகிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வருவது வெறும் சேசிஸ். ஓட்டுநர் உட்காரப் பலகை அடித்து ஓட்டிவந்து பட்டறை வாசலில் நிறுத்துவார்கள். என்ன சுமை, எந்த ஊர்ச் சாலை, எத்தனை பேர் என்பதைக் கேட்டபின்தான் மீதி வண்டி உருவாகும். ஆகவே இந்த நிலப்பகுதியில் ஆல்டரேஷன் என்பது இளைஞர்களின் சேட்டையாகத் தொடங்கவில்லை. அது ஒரு தொழில். கம்பெனி முடித்துக் கொடுத்த இடத்தில் தன் வேலை தொடங்குகிறது என்று நினைக்கும் தொழில்.

பந்தயம் நடந்த இடமோ சென்னைக்கு வடக்கே இருந்த சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் அது. 1950-களிலிருந்து அங்கே மோட்டார் பந்தயங்கள் நடந்தன, கூட்டம் அலைமோதும். பியட், ஹெரால்டு, அம்பாசடர் ஆகியவற்றின் இன்ஜினை இறக்கி, போர் பெரிதாக்கி, ஹெட்டைச் சீவி, கார்பரேட்டரை மாற்றிக் கொண்டுவருவார்கள். வெளிநாட்டுப் பந்தயக் கார் வைத்திருந்த சில சீமான்களும் வருவார்கள். இரண்டும் ஒரே தளத்தில் ஓடினால் என்ன ஆகும்? யார் நன்றாக ஓட்டினார் என்ற கேள்வி, யார் அதிகம் செலவழித்தார் என்ற கேள்வியில் கரைந்துபோகும். கட்டில்லாத ஆல்டரேஷனின் அடிப்படைக் குறை இது. பணம் உள்ளவரை வண்டி வேகமாகும். ஓட்டுநரின் திறமை கண்ணுக்குத் தெரியாமலே போகும்.

லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன் (சுருக்கமாகக் கரி) இதைப் பந்தயக்காரராக உள்ளிருந்து பார்த்தவர். தன் கைப்பட வண்டி கட்டியவர். 1988-இல் அவர் உருவாக்கிய ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் 'ஃபிஸ்மி' என்றும், பரவலாக 'ஃபார்முலா மாருதி' என்றும் பெயர் பெற்றது. நாமக்கல்காரர் சேசிஸை வாங்கி உடம்பு கட்டுகிறார். கரி அதைத் திருப்பிப்போட்டு, இன்ஜினை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கோயம்புத்தூரில் கட்டினார். எந்த ஊர் மெக்கானிக்கும் கழற்றி மாட்டத் தெரிந்த, எந்தக் கடையிலும் உதிரிபாகம் கிடைக்கும் மாருதி இன்ஜின். அதற்கு எளிய குழாய்ச் சட்டகம். அதைவிட முக்கியம், அவர் ஒரு காரைச் செய்யவில்லை. ஒரே மாதிரியான கார்களின் வரிசையைச் செய்தார். எல்லோருக்கும் ஒரே இன்ஜின், ஒரே சட்டகம். ஆல்டர் செய்து பழகிய ஊரின் ஆகச் சிறந்த ஆல்டரேஷன், அதற்குமேல் ஆல்டர் செய்யும் ஆசைக்குக் கடிவாளம் போட்ட கார். முரணாகத் தோன்றும் இதில் ஆலைக்காரரின் கணக்கு ஒளிந்திருப்பதாக நான் ஊகிக்கிறேன். நூற்பு இயந்திரம் ஒன்றில் நூற்றுக்கணக்கான கதிர்கள் சுற்றுகின்றன. ஒரு கதிர் மட்டும் மற்றவற்றைவிட அற்புதமாக இருந்து பயனில்லை. எல்லாம் ஒன்றுபோல் சுற்றினால்தான் நூல் சீராக வரும், எங்கே பழுது என்றும் தெரியும். கார்கள் ஒன்றுபோல் இருந்தால் ஓட்டுபவரின் தரம் தானே வெளியே வரும்.

வந்ததா என்பதற்குச் சான்று கைவசம் இருக்கிறது. இந்தியாவிலிருந்து இதுவரை இருவரே ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டியிருக்கிறார்கள். 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டிய நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூர்க்காரர். தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்ற ஜி.ஆர். கார்த்திகேயனின் மகன். அவர் பந்தயம் தொடங்கியது ஃபார்முலா மாருதியில். 2010-இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன சென்னையின் கருண் சந்தோக் 2000-இல் தொடங்கியதும் ஃபார்முலா மாருதியில்தான். கரி இந்தப் பலனைப் பார்க்கவில்லை; 1995-இல் சிறு விமான விபத்தில் இறந்துவிட்டார். ஆனால் முறை அவருடன் போகவில்லை. எல்ஜிபி நிறுவனத்தின் பி. விஜயகுமார் செட்டிபாளையத்தில் எழுப்பிய 2.1 கிலோமீட்டர் ஓடுதளத்துக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர் வைத்தார். எல்ஜிபி பெயரில் ஓடிய அடுத்த தலைமுறை ஒற்றை இருக்கைக் கார்கள் பலவற்றிலும் மாருதி சுசுகி இன்ஜின்தான் இருந்தது. இன்ஜின் பெரிதானது; ஒரே மாதிரி கார் என்ற விதி நிலைத்தது.

இதை மறுத்துச் சொல்ல மூன்று விஷயங்கள் உண்டு. முதலாவது, இது மில் முதலாளிகளின் பொழுதுபோக்கு. லேத்தில் நின்றவருக்கு இதில் என்ன பங்கு என்பது. பாதி உண்மை, ஒப்புக்கொள்ள வேண்டும். பதிவேட்டில் நிற்கும் பெயர்கள் பெரிய குடும்பங்களின் பெயர்கள். வெல்டிங் செய்தவர், பிஸ்டன் பொருத்தியவர் பெயர்கள் வெளியே வரவில்லை. மாருதி இன்ஜின் வந்தபின்னும் பந்தயம் ஏழைக்கு எட்டும் விளையாட்டாகிவிடவில்லை. ஆனால் பணம் மட்டுமே காரணமென்றால் பம்பாயும் கல்கத்தாவும் இதை முன்பே செய்திருக்க வேண்டும். கோயம்புத்தூரைவிடப் பெரும்பணம் அங்கே இருந்தது. பணக்காரர் தன் பணத்தால் மற்றவரை முந்தும் வழியைத் தானே அடைத்தார் என்பதுதான் விளக்கம் வேண்டும் செய்தி. அதற்கான விளக்கம் பட்டறையில் இருக்கிறது, பணப்பெட்டியில் இல்லை.

இரண்டாவது, தட்டுப்பாடு நாடெங்கும் இருந்தது, அதில் கொங்குக்கு என்ன தனிச்சிறப்பு என்பது. தட்டுப்பாடு கண்டுபிடிப்பைத் தானாகப் பெற்றுவிடாது என்பதே பதில். சென்னையில் ஓடுதளம் இருந்தது, சங்கம் இருந்தது, 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தளமும் வந்தது. கோயம்புத்தூரிலோ கரி கார் கட்டிய காலத்தில் அப்படியொரு தளம் கிடையாது; வார்ப்பவர், கடைபவர், அளப்பவர் மூவரும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். காரைக் கட்டியது தளம் இல்லாத ஊர்தான். இதற்கு நேர்மாறாக, கொங்கின் ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயத்திலிருந்தே இந்த வேகவெறி வந்தது என்று சொல்வோரும் உண்டு. 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம் பிரித்து, ஒவ்வொரு வண்டியையும் கடிகாரத்தோடு ஓடவிடும் ரேக்ளாவைப் பார்த்தால் கார்களின் நேர்கோட்டு டிராக் ரேஸ் நினைவுக்கு வருவது இயல்பு. அழகான ஒப்புமைதான், ஆனால் ஒப்புமை காரணமாகிவிடாது. ரேக்ளாவில் காளையின் வலுவே போட்டி. ஃபார்முலா மாருதியிலோ இன்ஜினின் வலு எல்லோருக்கும் ஒன்று.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. இன்று மாற்றியமைத்த கார் என்றால் நினைவுக்கு வருவது கண்காட்சியில் தாழ இறக்கி நிறுத்திய பழைய ஹோண்டா சிட்டி, மிட்சுபிஷி லான்சர்; அகலச் சக்கரம், பெரிய சைலன்சர், புதுச் சாயம். இந்த ஆர்வலர்களிடம் ஒரே மாதிரி கார் என்று பேசினால் ஏற்பார்களா? அவர்கள் தேடுவதே தன் வண்டி இன்னொன்றைப்போல் இருக்கக்கூடாது என்பதைத்தானே? சரிதான். தனித்து நிற்கும் ஆசையைக் குறை சொல்வதற்கில்லை. கரூர் பஸ்ஸின் முகப்பு ஓவியத்திலும் அந்த ஆசை உண்டு. ஆனால் அந்த வண்டி பொதுச்சாலையில் ஓடும்போது கேள்வி வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை அழுத்தமாக உறுதிசெய்தது. ஜப்பானிலும் 1995-இல் விதிகள் தளரும் வரை ஆல்டரேஷன் பெரும்பாலும் சட்டத்தின் ஓரத்தில்தான் நடந்தது. அங்கே விதியைத் தளர்த்தி வழி கண்டார்கள். இங்கே கண்ட வழி செட்டிபாளையத்தில் இருக்கிறது: சாலையில் கூடாததைத் தளத்துக்குக் கொண்டுபோய், அங்கே வகுப்புப் பிரித்து, கட்டுக்குள் ஓடவிடுவது. கண்காட்சிக் காரின் சொந்தக்காரருக்கும் பந்தயக் காரின் சொந்தக்காரருக்கும் கைவேலை ஒன்றே. வேறுபடுவது எங்கே நிறுத்துவது என்ற அறிவு.

அந்தக் கைவேலை இப்போது மாறிவருகிறது. கார்பரேட்டர் போய் மின்னணுக் கட்டுப்பாடு வந்தது. ஸ்க்ரூ டிரைவரின் இடத்தில் லேப்டாப் வந்தது. ஆனாலும் இளம் பொறியியல் மாணவர்கள் தாங்களே வடிவமைத்துக் கட்டிய கார்களோடு ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கரி தளத்துக்கு வருகிறார்கள். ஓடவிடுவதற்கு முன் ஒவ்வொரு காரையும் விதிப்புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சோதிக்கிறார்கள். தேறாத கார் எவ்வளவு வேகமானாலும் தளத்தில் இறங்க முடியாது. முடுக்குவது என்ற சொல்லுக்குத் திருகாணியை இறுக்குவது என்றும் பொருள், வண்டியை விரட்டுவது என்றும் பொருள். இரண்டையும் பிழைப்பாகக் கொண்ட ஊர் இது. எவ்வளவு முடுக்கலாம் என்பதைப் பட்டறையில் முதல் வாரமே கற்றுக்கொடுப்பார்கள். அதற்குமேல் ஒரு சுற்று போனால் மரை தேய்ந்து, திருகாணி எதையும் பிடிக்காமல் சும்மா சுற்றும்.