மகிழ்ச்சி விண்மீன் காட்டிய வழி



பஞ்சாங்கம் கூறும் சுவாதி நட்சத்திரத்தை நீங்கள் வானில் பார்த்ததுண்டா? ஜூன் மாதத் தொடக்கத்தில் இரவு பத்து மணி வாக்கில், உச்சிக்குச் சற்று வடக்கே செம்மஞ்சளாக ஒளிர்வது அதுவே. அதன் குறுக்களவு சூரியனைப்போல் ஏறத்தாழ 25 மடங்கு.

ஹவாய் மக்கள் அதனை ஹோக்குலேயா, அதாவது மகிழ்ச்சி விண்மீன் என்பர். அது அத்தீவுகளின் தலைக்கு நேர் மேலாகக் கடந்து செல்வது. தெற்கிலிருந்து திரும்பும் கடலோடி, அது தன் உச்சிக்கு வந்ததும் தாயகத்தின் நேருக்கு வந்துவிட்டதை அறிந்து, கரை நோக்கித் திரும்புவான்.

காலப்போக்கில் இக்கலை ஹவாயில் மறைந்தது. அவர்களுடைய முன்னோர் வழியறிந்து வந்தவரல்லர், காற்றில் ஒதுங்கியவரே என்றுகூட ஆய்வாளர் சிலர் எழுதினர்.

இதற்கு விடைகாண, 1975இல் பழைய முறைப்படி இரட்டைத் தோணி ஒன்றைக் கட்டி, அவ்விண்மீனின் பெயரையே சூட்டினர். வழிகாட்ட ஹவாயில் ஆளில்லை. மைக்ரோனீசியாவின் சாத்தாவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாயிலுக் வந்தார். வரைபடமோ திசைகாட்டியோ இன்றி, விண்மீனையும் அலையையும் பார்த்தே வழி சொன்னார். 1976 மே 1ஆம் நாள் புறப்பட்ட தோணி, ஜூன் 4ஆம் நாள் தாஹித்தியின் பப்பீட்டே துறைமுகத்தை அடைந்தது.

பின்னர் அவர் ஹவாய் இளைஞரான நைனோவா தாம்சனுக்குக் கற்றுக்கொடுத்தார். 1980இல் தாம்சனே வழிகாட்டித் தாஹித்தி சென்று மீண்டார்.

ஏட்டில் இல்லாத அறிவு, கேட்பாரில்லையேல் அழியும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அறிந்ததை இன்றே கேட்டு வையுங்கள்.