சாம்பல் ஓநாயின் நிறம்

கனடாவில் வாழும் பழைய நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற பொறியியலாளர், கடந்த குளிர்காலம் முழுவதையும் தமது வீட்டின் நிலக்கீழ் அறையில் ஒரு சிறிய கவச வாகனத்தைக் கட்டுவதிலேயே செலவிட்டிருக்கிறார். கையிலுள்ள கருவியால் தூரத்திலிருந்து ஓட்டக்கூடிய மொடல் அது. வேலை முக்கால்வாசி முடிந்த நிலையில் ஒரு பழைய புகைப்படத்தை எனக்கு அனுப்பி, "நாற்பது வருசமாப் பத்திரிகையில கறுப்பு வெள்ளைப் படங்களோட சீவிச்சனீர். இந்த வாகனம் என்ன நிறமெண்டு சொல்லும் பாப்பம்" என்று கேட்டிருந்தார்.

படம் 1944 ஆகஸ்டில் வார்ஸோ நகரில் எடுக்கப்பட்டது. நாஜிப் படைகளிடமிருந்து கைப்பற்றிய வாகனமொன்றில் போலந்துக் கிளர்ச்சியாளர்கள் நிற்கிறார்கள். முன்னால் லொறிக்கு இருப்பதைப் போல இரு சில்லுகள். பின்னால் டாங்கிக்கு இருப்பதைப் போலச் சங்கிலிப் பட்டிகள். ஹாஃப்-ட்ராக் என்று ஆங்கிலத்தில் சொல்லப்படுவதை நாம் அரைச்சங்கிலி வாகனம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நிறத்தைத் தேடப் புறப்பட்ட நான் முதலில் போய்ச் சேர்ந்த இடம் ரஷ்யச் சக்கரவர்த்தியின் வாகனக் கொட்டகை. அங்கே பணியாற்றிய அடோல்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர், இரண்டாம் நிக்கலஸ் மன்னரின் கார்கள் பனியில் புதையாமல் ஓடுவதற்காகப் பின்சில்லுகளுக்குப் பதிலாக றப்பர் பட்டியைப் பொருத்தினார். 1917 புரட்சியின் பின் கெக்ரெஸ் பிரான்ஸுக்குத் திரும்பினார். ஆனால் அவரது பட்டி ரஷ்யாவில் தங்கிவிட்டது. லெனின் பயன்படுத்திய, அத்தகைய பட்டி பூட்டிய ரோல்ஸ் ரொய்ஸ் கார் மொஸ்கோவுக்கு அருகே கோர்க்கி அருங்காட்சியகத்தில் பேணப்பட்டு வருகிறது. மன்னருக்காக உருவான வசதி, மன்னராட்சியை ஒழித்தவருக்கும் உதவியிருக்கிறது!

பிரான்ஸில் அந்தரே சிட்ரோயன் அவருக்குக் கைகொடுத்தார். 1922 டிசம்பர் 17 அன்று அல்ஜீரியாவின் துகுர் நகரிலிருந்து புறப்பட்ட சிட்ரோயன்-கெக்ரெஸ் வாகனங்கள் சகாராவைக் கடந்து 1923 ஜனவரி 7 இல் திம்புக்துவை அடைந்தன. இராணுவங்கள் இதனைக் கவனிக்காமல் விடுமா? 1931 இல் அமெரிக்க இராணுவம் ஒரு வாகனத்தை வாங்கி ஆராய்ந்தது. அந்த வழியில் வந்ததே இரண்டாம் உலக யுத்தத்தில் எங்கும் காணப்பட்ட எம்-3. அதன் மெல்லிய கவசத்தைப் பார்த்த அமெரிக்கச் சிப்பாய்கள், போரில் காயமடைவோருக்கு வழங்கப்படும் பதக்கத்தின் பெயரால் அதற்குப் 'பர்ப்பிள் ஹார்ட் பெட்டி' என்று பட்டம் சூட்டினர். ஜேர்மனியர் தமக்கெனத் தனி வடிவத்தை உருவாக்கினர். அவர்களது 251 ஆம் இலக்க வாகனம் பதினையாயிரத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டது. நண்பர் கட்டியது இதனையே.

உண்மையில் இது இரண்டும் கெட்டான் வாகனம். டாங்கிகளோடு காலாட்படையினரும் சேற்று நிலத்தில் கூடவே செல்லவேண்டும். லொறி புதையும், முழுச்சங்கிலி வாகனமோ செலவு கூடியது. எனவே பாதி அது, பாதி இது. யுத்தத்தின் பின் முழுச்சங்கிலி வாகனங்களும் எல்லாச் சில்லுகளும் இயங்கும் வாகனங்களும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. செக்கோஸ்லோவாக்கியா மட்டும் 251 ஐத் தழுவிய ஒரு வாகனத்தை 1960 களின் தொடக்கம்வரை தயாரித்தது. அதில் ஏற நேர்ந்த செக் சிப்பாய்கள் அதனை 'ஹிட்லரின் பழிவாங்கல்' என்று அழைத்தார்களாம்.

நண்பரின் மொடல் பதினாறில் ஒரு பங்கு அளவினது. 5.8 மீற்றர் நீளம் 36 சென்ரிமீற்றராகிறது. எடை அப்படிக் குறைவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் 4096 இல் ஒரு பங்காகிவிடும். 7.8 தொன் வாகனம், கணக்குப்படி இரண்டு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. பற்றறியையும் மோட்டர்களையும் வைத்தபின் இந்தக் கணக்குக்குள் நிற்பது எளிதல்ல என்கிறார் அவர். அதைவிடப் பெரிய தலையிடி திருப்புவதுதான். 251 இன் முன்சில்லுகளுக்கு இயந்திர வலு செல்வதில்லை. அவை திசை காட்ட மட்டுமே. சாரதி சுக்கானை அதிகம் வளைத்தால் உட்பக்கச் சங்கிலி தானாகவே தடைபடும். வாகனம் அந்தப் பக்கம் இழுத்துத் திரும்பும். முதலில் சில்லுகளை மட்டும் திருப்பிப் பார்த்த நண்பரின் வாகனம் நேரே சென்று கதிரைக் காலில் மோதியது. பின்னர் இரு சங்கிலிகளுக்கும் தனித்தனி மோட்டர் வைத்து, சில்லு திரும்பும் அளவுக்கேற்ப உட்பக்க மோட்டர் மெதுவாகுமாறு செய்தபிறகே அது சொற்கேட்டது.

இந்த இடத்தில்தான் கெக்ரெஸ் மீண்டும் வருகிறார். தூரத்திலிருந்து இயக்கக்கூடிய சிறியதொரு சங்கிலி வாகனத்தின் மாதிரியையும் அவர் உருவாக்கியிருந்தார். 1940 இல் பிரான்ஸ் வீழ்ந்தபின் அது ஜேர்மனியரின் கையில் சிக்கியது. அதிலிருந்து பிறந்ததே 'கோலியாத்': ஒன்றரை மீற்றர் நீளம், உள்ளே வெடிமருந்து, பின்னால் இழுபடும் மின்கம்பி, மறுமுனையில் ஒரு சிறு பெட்டியைப் பிடித்தபடி சிப்பாய். பார்ப்பதற்கு விளையாட்டுப் பொருள்தான். வார்ஸோவின் தடுப்பரண்களை நோக்கி இவை ஊர்ந்து வந்தபோது கிளர்ச்சியாளர்கள் பாய்ந்து சென்று கம்பியை வெட்டினர். கெக்ரெஸ் 1943 இலேயே காலமாகிவிட்டார்.

கம்பியில்லாமல் வானொலி அலையால் இயங்கிய பெரிய வெடி வாகனமும் ஜேர்மனியரிடம் இருந்தது. போர்க்வார்ட் நான்கு என்பது அதன் பெயர். சாரதி இலக்கை அண்மித்ததும் இறங்கிவிடுவார். மிகுதித் தூரத்தை வானொலி பார்த்துக்கொள்ளும். சுமந்தது சுமார் 450 கிலோ வெடிமருந்து. 1944 ஆகஸ்ட் 13 அன்று வார்ஸோவின் பழைய நகரில் கைவிடப்பட்ட அத்தகைய வாகனமொன்றைச் சாதாரண டாங்கி என நம்பிக் கிளர்ச்சியாளர்கள் தமது பகுதிக்குள் ஓட்டிவந்தனர். வெற்றியைக் காண மக்கள் கூடினர். சிறுவர்களும் ஓடிவந்தனர். கிலின்ஸ்கி வீதியில் அது வெடித்தது. முந்நூறு பேரளவில் மாண்டனர்.

மறுநாள், ஆகஸ்ட் 14, நகரின் போவிஷ்லே பகுதியில் கிளர்ச்சியாளர்கள் 251 ஐக் கைப்பற்றினர். முதல்நாள் நடந்ததன் பின்னணியில் வைத்துப் பார்க்கும்போதே அந்தப் புகைப்படத்தின் கனம் தெரிகிறது. வாகனத்தின் தளபதி அடம் டெவிச்சின் தலைமறைவுப் பெயர் 'ஷாரி வில்க்', அதாவது சாம்பல் ஓநாய். வாகனத்துக்கும் அப்பெயரே நிலைத்தது. ஆகஸ்ட் 23 இல் ஜேர்மனியர் வசமிருந்த வார்ஸோ பல்கலைக்கழகத்தைத் தாக்க அது சென்றது. கூடவே, கிளர்ச்சியாளர்கள் ஒரு ஷெவ்ரலே லொறிமீது தகடுகளைப் பொருத்தித் தாமே கட்டிய 'குபுஷ்' வாகனமும் சென்றது. தாக்குதல் வெற்றிபெறவில்லை. ஒக்டோபர் 2 இல் கிளர்ச்சியாளர்கள் சரணடைந்தனர். குபுஷ் இன்றும் வார்ஸோவில் அருங்காட்சியகப் பொருளாக இருக்கிறது.

போரை வீட்டு வாசலில் கண்ட எங்களுக்குக் கவச வாகனத்தை விளையாட்டுப் பொருளாகப் பார்க்கும் மனம் இலகுவில் வராது. நண்பரிடம் அதைக் கேட்டேவிட்டேன். "அதனாலதான் இதைத் தெரிஞ்சனான். பதினையாயிரத்தில இது எதிர்ப்பக்கம் ஓடினது" என்றார்.

இனி அவரது கேள்விக்கு வருவோம். பெயரை நம்பி அவர் சாம்பல் நிறப் பூச்சை வாங்கி வைத்திருந்தார். யுத்தத்தின் முதல் ஆண்டுகளில் ஜேர்மன் வாகனங்கள் கரும் சாம்பல் நிறத்தில் இருந்தது உண்மையே. 1943 பெப்ரவரியில் வந்த கட்டளை அதனை மாற்றியது. தொழிற்சாலையில் அடிநிறமாக மணல் சாயலுள்ள மஞ்சள்; பச்சையும் செம்பழுப்பும் களி வடிவில் படையணிகளுக்கு அனுப்பப்பட்டன. சிப்பாய்களே அவற்றை நீரிலோ பெற்றோலிலோ கரைத்து, கிடைத்த நிலத்துக்கும் பருவத்துக்கும் ஏற்பத் தீட்டிக்கொண்டனர். ஆகவே ஒரு வாகனம் போல் இன்னொன்று இருக்கவில்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சையும் செம்பழுப்பும் ஒரே சாம்பலாகத்தான் தெரியும் என்பதை எந்தப் பத்திரிகைக்காரனும் அறிவான்.

அடிநிறம் மஞ்சள் என்றும், மேற்பட்டைகளில் எது பச்சை எது பழுப்பு என்பதை அவரே தீர்மானிக்கலாம் என்றும் எழுதினேன். சென்ற கிழமை பதில் வந்தது. செந்நிற அடிப்பூச்சின்மேல் தலைமயிருக்கு அடிக்கும் ஸ்பிரேயை விசிறி, அதன்மேல் மஞ்சளைப் பூசி, ஈரத் தூரிகையால் தேய்த்துப் பூச்சு உதிர்ந்த தோற்றத்தை வரவழைத்திருக்கிறார். சங்கிலியில் காய்ந்த சேறுகூட இருக்கிறது. பிரச்சினை பேரனோடுதானாம். ஓநாய்க்கு ஏன் மஞ்சள் பூசினாய் என்று கேட்டு, அதை ஓட்ட மறுத்துக்கொண்டு நிற்கிறானாம்.