கறுப்புக் கண்ணாடிக்காரர் தமிழ்வாணனும் நம்மூர் வாசகர்களும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். இந்தப் பதிவின் கதாநாயகனும் தேநீர்ப் பிரியர்தான்.

ஒக்டோபர் வாசிப்பு மாதம் வந்தால் பாடசாலைகளில் வகுப்பறை நூலகத்துக்குப் புத்தகம் சேர்ப்போம். ஒவ்வொரு வருடமும் பழைய துப்பறியும் நாவல்கள் சிலவும் வந்து சேரும். உடனே ஒரு கேள்வியும் வரும்: "சேர், கொலைக் கதை, கொள்ளைக் கதை எல்லாம் பிள்ளைகளுக்குக் குடுக்கிறதா?" பெற்றோரும் கேட்கிறார்கள், ஆசிரியர்களும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். "ஓம்", "இல்லை" என்று ஒரு சொல்லில் பதில் சொல்லாமல், அந்தப் புத்தகங்களில் அதிகம் காணப்படும் ஒரு பெயரின் வரலாற்றைச் சொல்கிறேன். அந்தப் பெயர் தமிழ்வாணன். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் இப்போதே சிரித்திருப்பீர்கள்.

முதலில் துப்பறியும் கதை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவில் எட்கர் அலன் போ 1841ஆம் ஆண்டு எழுதிய ஒரு சிறுகதையைத்தான் இந்த வகையின் தொடக்கம் என்பார்கள். 1887இல் இங்கிலாந்தில் கொனன் டொயில் ஷெர்லொக் ஹோம்ஸைக் கொண்டுவந்தார். தமிழும் அதிகம் பிந்தவில்லை. 1894இல் பண்டித நடேச சாஸ்திரி 'தானவன்' என்ற பொலிஸ் நிபுணனின் கதையை எழுதினார். 1908இல் ஜே. ஆர். ரங்கராஜு 'இராஜாம்பாள்' நாவலில் துப்பறியும் கோவிந்தனை நடமாட விட்டார். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் மேல்நாட்டுக் கதைகளைத் தழுவி எழுதிக் குவித்தார்கள். துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' 1935இல் படமாகவும் வந்தது.

நமது நாட்டிலும் ஒரு வேர் உண்டு. கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி, 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை நடத்திய அறிஞர் சித்திலெவ்வை 1885இல் 'அசன்பே சரித்திரம்' எழுதினார். தமிழில் வெளிவந்த மிக ஆரம்பகால நாவல்களில் அதுவும் ஒன்று. மிஸ்ரு தேசத்தின் பெரிய குடும்பத்துக் குழந்தை கடத்தப்படுகிறது. இந்தியாவில் வளர்கிறது. தான் யார் என்ற உண்மையை நோக்கிக் கதை போகிறது. அது துப்பறியும் நாவல் அல்ல. ஆனாலும் குற்றம், மர்மம், கடைசியில் வெளிவரும் உண்மை ஆகியவற்றை வைத்து வாசகனைப் பக்கம் புரட்ட வைக்கும் வித்தை அங்கேயே இருக்கிறது. சமூகத்துக்குக் கல்வி வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கப் பாடுபட்ட ஒருவர், விறுவிறுப்பான கதையை இழிவாக நினைக்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனித் தமிழ்வாணன். 1926இல் தமிழ்நாட்டின் தேவகோட்டையில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் இராமநாதன். தமிழ்வாணன் என்ற பெயரை வைத்தவர் திரு.வி.க. என்பார்கள். திருச்சிப் பக்கம் 'கிராம ஊழியன்' பத்திரிகையில் வேலை பழகி, பிறகு சென்னைக்குப் போனார். சிறுவர்களுக்கான 'அணில்' இதழில் எழுதினார். 1948இல் குமுதம் நிறுவனத்திலிருந்து 'கல்கண்டு' வந்தபோது அதன் ஆசிரியரானார். சாகும்வரை, அதாவது 1977 வரை, அவர்தான் ஆசிரியர்.

கல்கண்டை ஒரு தனிமனிதனின் பத்திரிகை என்றே சொல்லலாம். துணுக்குச் செய்திகள், பொது அறிவு, கேள்வி பதில், தொடர்கதை என்று பெரும்பகுதியை அவரே எழுதினார். விலை குறைவு. வசனம் சிறியது. உலகத்தில் எங்கே என்ன நடக்கிறது என்று எட்டாம் வகுப்புப் படித்தவருக்கும் விளங்கும்படி சொன்னார். "துணிவே துணை" என்பது அவரது தாரக மந்திரம். அட்டையில் ஒரு தொப்பி, ஒரு கறுப்புக் கண்ணாடி. அவ்வளவுதான், ஆள் யாரென்று எல்லோருக்கும் தெரியும். கடித உறையில் பெயர் எழுதாமல் தொப்பியையும் கண்ணாடியையும் வரைந்து, "சென்னை" என்று மட்டும் போட்டாலும் தபால் அவரிடம் போய்ச் சேருமாம். இன்றைய பிள்ளைகள் லோகோ, பிராண்ட் என்று படிக்கிறார்களே, அதைச் சாதாரண மையும் கடதாசியும் வைத்து அவர் அன்றே செய்துவிட்டார்.

அவர் படைத்த துப்பறிவாளர் சங்கர்லால். பெயர் வடநாட்டுப் பெயர், பேச்சு மட்டும் சுத்தத் தமிழ். மனைவி இந்திரா. உதவிக்கு மாது, கத்தரிக்காய் என்று இருவர். பொலிஸ் தரப்பில் நண்பர் வகாப். சிக்கல் முற்றும்போது சங்கர்லாலுக்குத் தேநீர் வரவேண்டும், மூளை அதற்குப் பிறகுதான் வேலை செய்யும். வகாப் என்ற பாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சினிமாவிலும் கதையிலும் முஸ்லிம் என்றால் கடத்தல்காரன் அல்லது அத்தர் விற்பவன் என்று காட்டிய காலங்கள் உண்டு. வகாப் சட்டத்தின் பக்கம் நிற்கும் அதிகாரி. கதாநாயகன் நம்பும் மனிதர். அதைப் பெரிய கொள்கையாகப் பறைசாற்றாமல், சாதாரணமாகக் கதைக்குள் வைத்துவிட்டுப் போனார் தமிழ்வாணன். எனக்குப் பிடித்தது அந்தச் சாதாரணம்தான்.

'பெர்லினில் சங்கர்லால்', 'ஜெனிவாவில் சங்கர்லால்', 'டோக்கியோ ரோஜா' என்று தலைப்புகளே உலக வரைபடம் போல இருக்கும். விமானத்தைக் கிட்ட நின்று பார்த்திராத ஒரு தலைமுறை, அந்தத் தெருக்களிலும் ஹோட்டல்களிலும் சங்கர்லாலுக்குப் பின்னால் நடந்தது. இன்னொரு விசயம், அவரது தமிழ். கொலை, துப்பாக்கி, கார்த் துரத்தல் எல்லாம் நடக்கும். ஆனால் ஆட்கள் கலப்பில்லாத தமிழில் பேசுவார்கள். அது கொஞ்சம் செயற்கை என்று சிரிப்பவர்களும் உண்டு. ஆனாலும் தேநீர், வானூர்தி, உந்துவண்டி போன்ற சொற்கள் பாடப்புத்தகத்துக்கு வெளியேயும் வாழும் என்று ஒரு சாதாரண வாசகனுக்குக் காட்டியது அந்தக் கதைகள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சங்கர்லால் தோற்பதே இல்லை. ஆகவே ஆபத்து வந்தாலும் நமக்குப் பெரிதாகப் பயம் வராது. கெட்டவன் முதலிலிருந்து கடைசிவரை கெட்டவன்தான், ஏன் அப்படியானான் என்று கதை கேட்காது. வாராவாரம் எழுதியதால் அவசரமும் தெரியும். கதைக்கு வெளியே அவர் செய்த ஒரு வேலையும் பெரிய சர்ச்சையானது. கட்டபொம்மனை விடுதலை வீரனாக நாடே கொண்டாடிய காலத்தில், அவன் கொள்ளைக்காரன் என்று ஒரு புத்தகம் எழுதினார். பலர் கோபப்பட்டார்கள். வரலாறு படிப்பிக்கிறவன் என்ற முறையில் எனக்கும் அந்த முடிவில் உடன்பாடில்லை. 'கொள்ளைக்காரன்' என்பது ஆளவந்தவன் தன்னை எதிர்ப்பவனுக்கு வைக்கும் பெயர். அந்தப் பெயரையே சான்றாக எடுக்க முடியாது. கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799இல். நான்கு வருடம் கழித்து, 1803இல், நமது பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தார். கற்சிலைமடுவில் அவரைத் தோற்கடித்தவர்களின் அறிக்கைகளை மட்டும் வைத்து அவரது கதையை எழுதினால் என்ன வரும் என்று யோசித்துப் பாருங்கள். துப்பறிவாளனின் முதல் பாடமே அதுதானே: யார் சொல்கிறார், அவருக்கு அதில் என்ன இலாபம் என்று கேட்க வேண்டும். அந்தப் புத்தகத்தில் தமிழ்வாணன் சங்கர்லாலைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

இப்போது நமது பக்கத்துக்கு வருவோம். 1950களிலும் 60களிலும் இந்திய சஞ்சிகைகள் இலங்கையில் தாராளமாகக் கிடைத்தன. வாசிகசாலை, சலூன், தேத்தண்ணிக் கடை எங்கும் அவைதான். ஒரு இதழைப் பத்துப்பேர் வாசிப்பார்கள். நமது நாட்டு முற்போக்கு எழுத்தாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. தென்னிந்திய வணிக சஞ்சிகைகள் நமது மண்ணின் பிரச்சினையை மறக்கடிக்கின்றன, நமது எழுத்துக்குச் சந்தை இல்லாமல் செய்கின்றன என்றார்கள். அதில் உண்மையும் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது இந்திய சஞ்சிகைகளின் வரவும் சுருங்கியது.

அந்த இடைவெளியில் உள்ளூர் வெளியீடு தலைதூக்கியது. வீரகேசரி நிறுவனம் மலிவு விலையில் நாவல்களை அச்சிட்டு, பத்திரிகை விற்கும் வழியாலேயே ஊரூராக அனுப்பியது. அப்படி 1973இல் வந்ததுதான் அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'. தண்ணிமுறிப்புக் காடும் வயலும் மனிதர்களும் அச்சில் ஏறிய நாவல். அதற்குச் சாகித்திய விருதும் கிடைத்தது. வன்னி மண் தன்னைத் தானே வாசித்துக்கொண்ட தருணம் என்று அதைச் சொல்லலாம்.

பெரும்பாலான இலக்கிய வரலாறுகளில் இந்தக் கதை இத்துடன் முடிந்துவிடும்: குப்பை போனது, நல்லது வந்தது. எனக்கு அங்கேதான் ஒரு கேள்வி. 'நிலக்கிளி'யைக் காசு கொடுத்து வாங்கிய வாசகன் எங்கிருந்து வந்தான்? அவன் 1973இல் வானத்திலிருந்து விழவில்லை. அதற்கு முன் இருபது வருடமாக, வாராவாரம், எழுத்துக்கூட்டித் தொடங்கி விரைவாக வாசிக்கும்வரை அவனைப் பழக்கியவர்கள் யார்? அதில் கல்கண்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. தமிழ்வாணன் இலக்கியம் படைத்தாரா என்பது வேறு வாதம். அவர் வாசகர்களைப் படைத்தார். பாதை வெட்டியவனின் பெயர் பாதையில் இருப்பதில்லை, நடக்கிறவர்கள்தான் ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் டேஷியல் ஹாமெட் என்று ஒருவர் இருந்தார். பிங்கர்டன் என்ற தனியார் துப்பறியும் நிறுவனத்தில் உண்மையாகவே வேலை செய்தவர். மலிவுக் கடதாசிச் சஞ்சிகைகளில் எழுதத் தொடங்கினார். 1930இல் புத்தகமான அவரது 'மால்டீஸ் பால்கன்' இன்று பல்கலைக்கழகங்களில் பாடம். அங்கே மலிவுக் கடதாசியில் வந்தவரையும் எடுத்து ஆராய்ந்து, நல்லது எது, பதர் எது என்று பிரித்தார்கள். நாம் மூட்டையோடு தூக்கி எறிந்துவிட்டோம்.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது, இந்திய சஞ்சிகைகள் மறுபடி வந்தன. அதே வருடம்தான் தமிழ்வாணன் காலமானார். கல்கண்டை அவரது மகன் லேனா தமிழ்வாணன் தொடர்ந்தார். பிறகு கோயம்புத்தூர் ராஜேஷ்குமாரின் காலம் வந்தது. பொக்கட் நாவல்கள் பஸ்ஸில் கைமாறின. தமிழ்வாணன் தொடங்கிய மணிமேகலைப் பிரசுரம், அவரது பிள்ளைகளின் காலத்தில் இலங்கை எழுத்தாளர்களின் புத்தகங்களையும் புலம்பெயர்ந்தவர்களின் புத்தகங்களையும் ஏராளமாக அச்சிட்டது. இங்கே அச்சிட வசதியில்லாத காலங்களில் அந்த வாசல் திறந்திருந்தது. சங்கர்லால் வாசித்த தலைமுறையில் சிலர், தங்கள் சொந்தக் கதையோடு அதே வாசலில் போய் நின்றார்கள்.

ஆனால் நமக்கு என்ன நடந்தது? 1990இல் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கையில் எடுத்தது உடுப்பும் பிள்ளையும்தான், புத்தக அலுமாரியை யாரும் தூக்கவில்லை. வன்னியில் இருந்த தமிழ் உறவுகளுக்குப் பொருளாதாரத் தடை. கொப்பி, பேனை, மண்ணெண்ணெய்க்கே தவம். 2009இல் இடம் இடமாகப் போனவர்கள் எதையும் திரும்பக் கொண்டுவரவில்லை. வாப்பாவின் புத்தகப் பெட்டி, அம்மம்மா கட்டி வைத்த பழைய சஞ்சிகைகள் என்று தலைமுறையிலிருந்து தலைமுறைக்குப் போகும் ஒரு சங்கிலி இருக்கும். நமக்கு அது அறுந்தது. நூலகக் கட்டடங்களை மறுபடி கட்டிவிட்டோம். வாசிக்கும் பழக்கத்தைச் சீமெந்து போட்டுக் கட்ட முடியாது.

இன்று ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் ஒரு பக்கத்தைத் தொடர்ச்சியாக வாசிக்கத் திணறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் முதல் புத்தகமாக ஒரு கனமான இலக்கிய நாவலைக் கொடுத்தால் அது மேசையிலேயே தூங்கும். "அடுத்து என்ன நடந்தது?" என்ற கேள்விதான் ஒரு பிள்ளையை இரண்டாம் பக்கத்துக்குக் கொண்டுபோகும். அந்தக் கேள்வியை எழுப்பத் தெரிந்தவர்கள் துப்பறியும் கதைக்காரர்கள்.

இன்னொரு பயனும் உண்டு. நல்ல துப்பறியும் கதையில் முதலில் சந்தேகப்படும் ஆள் பெரும்பாலும் குற்றவாளி அல்ல. ஊரே ஒருவரைக் கைகாட்டும், கடைசியில் உண்மை வேறாக இருக்கும். ஒரு வட்ஸ்அப் செய்தியை வைத்து ஒரு கடையை, ஒரு குடும்பத்தை, ஒரு சமூகத்தையே குற்றவாளியாக்கும் காலத்தில் வாழ்கிறோம். தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் நமது ஊர்களில் அதன் விலை என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. "ஆதாரம் எங்கே?" என்று கேட்கப் பழகிய பிள்ளை, பெரியவனானதும் பகிர்வதற்கு முன் ஒரு நிமிடம் நிற்கும்.

அதற்காக எல்லாவற்றையும் கொடுக்கச் சொல்லவில்லை. கொடூரத்தை ரசிக்கும் கதைகளும், பெண்களை மட்டமாகக் காட்டும் கதைகளும் இருக்கின்றன. ஆசிரியரோ பெற்றோரோ முதலில் வாசித்துவிட்டுக் கொடுக்க வேண்டும். அது நமது வேலை. சங்கர்லாலில் தொடங்கும் பிள்ளை அங்கேயே நிற்கக் கூடாது. அடுத்த தட்டில் 'நிலக்கிளி' இருக்க வேண்டும், அதற்கடுத்த தட்டில் 'அசன்பே சரித்திரம்' இருக்க வேண்டும். அலுமாரியில் மூன்றுக்கும் இடம் இருக்கிறது.

வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி உறவுகளே, உங்கள் வீட்டில் பழைய துப்பறியும் நாவல்கள் ஏதும் தப்பிப் பிழைத்திருந்தால் பழைய கடதாசிக் கடைக்குப் போடாதீர்கள். அருகிலுள்ள பாடசாலைக்கோ சனசமூக நிலையத்துக்கோ கொடுங்கள். மூத்தவர்கள், நீங்கள் முதன்முதலில் முழுதாக வாசித்து முடித்த புத்தகம் எது, அது யார் கையிலிருந்து கிடைத்தது என்று கீழே எழுதுங்கள். இளையவர்கள் வாசிக்கட்டும்.